பின்னால் இருக்க வேண்டிய கை

மாப்பிள்ளை,

சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன். இங்கே நான் எழுதப்போகும் கதையை ஃபீஜியின் முந்நூற்றுச் சொச்சம் தீவுகளில் ஒரு ஜீவனும் நம்பாது. இது நடந்த அறையில் என் கூடவே இருந்தவன் நீ, நீயும் நம்பமாட்டாய். ஆனால் நீ ஆக்லாந்தில் கண்ணை மூடி நாற்பது நாளாகிறது. குறுக்கே பேசி என் மானத்தை வாங்க ஆளில்லாத நல்ல வேளை இது. எழுதிவிடுகிறேன்.

இன்று காலை பக்கத்து வீட்டு அம்மாள் படிக்கட்டைக் கழுவ அமோனியா பாட்டிலைத் தூக்கிவந்து, என் வாசலுக்கு நேராகக் கீழே போட்டு உடைத்தாள். நெடி கிளம்பியது பார், நம் நடபுவா ஊர் முழுக்க நாய்கள் தும்மின. தென்னை மரத்திலிருந்த மைனாக்கள் சுவா நகரம் வரை பறந்து போய்விட்டன. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட, நான் மட்டும் அங்கேயே நின்று மூச்சை ஆழமாக இழுத்தேன். லவுத்தோக்கா பட்டறையின் நகல் அறைக்கு முப்பது வருஷம் ஏகச் சக்கரவர்த்தியாக இருந்தவன் சுவாசித்த காற்று அதுதானே. வரைபடத்தை அமோனியாப் பெட்டிக்குள் விட்டால் மறுபுறம் நீலக் கோடுகளோடு நகல் வரும். என் கண்ணிலிருந்து நீர் வரும். "அந்த நாத்தத்துக்குச் செத்தவன்கூட எழுந்து உக்காந்து, ஜன்னலைத் தொறடா மச்சான்னு சொல்லுவான்" என்பாய் நீ. இன்று அரை மணி நேரம் நின்று பார்த்தேன். நீ எழுந்து வரவில்லை.

நாம் முதலில் வேலைத் தோழர்கள். பிறகுதான் நீ என் தங்கையைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையானாய், என் வீட்டுக்கே குடிவந்தாய். சர்க்கரை ஆலைக்கு வேண்டிய இரும்புச் சாமான்களை நீ பலகையில் வரைவாய், நான் நகல் எடுப்பேன். அளவுகோல் இல்லாமல் நீ இழுக்கும் கோட்டில் ரயில் விடலாம். கரும்பு ரயில் அல்ல, சீமை ரயில். அப்படிப்பட்ட உன் கைக்குக் கீழே ஒருநாள் முதலாளி கணினியைக் கொண்டுவந்து வைத்தார். தட்டையாக வரைந்ததை அது கெட்டிப் பொருளாக எழுப்பிக் காட்டும் என்றார்.

முதல் வாரம் அது எதையும் எழுப்பவில்லை. நீ வரைந்த சதுரம் பாய் விரித்த மாதிரி படுத்தே கிடந்தது. உன் நெற்றி திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்து, கடைசியில் கண்டுபிடித்தாய்: ஒரு மூலையில் இரண்டு கோடுகள் தொட்டுக்கொள்ளவில்லை. மயிரிழை இடைவெளி. சேர்த்துவிட்டு உயரத்தைச் சொன்னாய். சதுரம் இட்லி மாதிரி எழுந்தது. "கோடு மூடலன்னா எழும்பாது மச்சான், அவ்ளோதான் வித்தை" என்றாய். பிறகு உருளை ஒன்றை எழுப்பி, அதை அந்தக் கட்டியிலிருந்து கழிக்கச் சொன்னாய், துளை விழுந்தது. சுற்றிப் பார்த்தாய், கவிழ்த்துப் பார்த்தாய். உனக்கு அப்போது நாற்பத்தொன்று. பட்டம் கிடைத்த பள்ளிப்பிள்ளை மாதிரி பட்டறை முழுக்க ஆளைக் கூப்பிட்டுக் காட்டினாய்.

அந்தச் சந்தோஷம் மூன்று மாதம் இருந்தது. அப்புறம் சுவாவில், இந்தியர் ஆட்சி கூடாது என்று துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து மந்திரிகளைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

முதல் கலகத்தின்போது, எண்பத்தேழில், என் சொந்தம் பாதி மூட்டை கட்டியது. நீ கட்டவில்லை. "ஒரு வாட்டிதான் வரும், அம்மை மாதிரி" என்றாய். பதின்மூன்று வருஷம் கழித்து மறுபடி வந்ததும் நீ எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதல் பயம். வாய் ஓயாத நீ வானொலிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அடிக்குப் பயந்து கரும்புத் தோட்டத்து வீடுகளை விட்டு ஓடிவந்த இந்தியக் குடும்பங்கள் ஊருக்குள் ஒரு கூடத்தில் தங்கியிருந்தன. என் தங்கை பாஸ்போர்ட்டுகளையும் கல்யாணச் சான்றிதழையும் ரொட்டி மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்தாள். உன் இரண்டு பெண்களும் காலில் செருப்போடு படுத்தார்கள். ஓடவேண்டி வந்தால் தேட நேரமிருக்காதாம். நான் என்ன செய்தேன்? கதவுக்குப் பின்னால் கரும்பு வெட்டும் கத்தியை வைத்துக்கொண்டு ஒரு படைப்பிரிவையே எதிர்க்கத் தயாராக இருந்தேன் என்று பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். கத்தி இருந்தது உண்மை. அதன் மேல் ஒரு மூட்டை அரிசியைச் சாய்த்திருந்தேன். எடுக்க இரண்டு பேர் வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை அந்த ஃபேக்ஸ் வந்தது. ஆக்லாந்தில் எந்திர சாமான் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு நீ எழுதிப்போட்டிருந்த விண்ணப்பத்துக்குப் பதில். வேலை கொடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை: ஒரு பழைய வரைபடத்தை அனுப்பியிருந்தார்கள், அதைக் கணினியில் கெட்டி உருவமாக எழுப்பி வியாழக்கிழமை மாலைக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால் வேலைக் கடிதம். வேலைக் கடிதம் இருந்தால் நான்கு பேருக்கும் விசா.

நான்கு பேருக்கு. எனக்கில்லை. எனக்கு வயது தாண்டிவிட்டது, சான்றிதழ் என்று சொல்ல அமோனியா இருமலைத் தவிர எதுவுமில்லை.

"இன்னா மச்சான் இது, கொழந்தை வெளையாட்டு மாதிரி இருக்கு" என்றாய், தாளைப் பார்த்து.

"கொழந்தைக்கு விசா குடுக்கமாட்டான். ஒழுங்கா பாரு" என்றேன்.

ஒரு தண்டைத் தாங்கும் இரும்புத் தாங்கி அது. உடம்பு, நடுவில் துளை, உடம்பிலிருந்து நீளும் ஒரு கை. முன்பக்கத் தோற்றம் ஒன்று, அதற்கு வலப்பக்கம் பக்கத் தோற்றம் ஒன்று. ஃபேக்ஸ் இயந்திரம் தாளின் கீழ் மூலையை மையால் மெழுகியிருந்தது. மங்கலான கோடுகள் பாதி ஒட்டிக்கொண்டு கிடந்தன.

மின்சாரம் எடுக்கும் மலை அணையில் தகராறு நடந்துகொண்டிருந்ததால் மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரம்தான். பட்டறைக்குப் பதினொன்று முதல் மூன்று வரை. செவ்வாய்க்கிழமை நீ முக்கால்வாசி எழுப்பியிருந்தாய், சேமிக்கவில்லை, மின்சாரம் நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. திரை கறுத்ததும் நீ எழுப்பிய சத்தம் லம்பாசா வரை, கடல் தாண்டிக் கேட்டது என்று நான் சொல்வதுண்டு. உண்மையில் நீ சத்தமே போடவில்லை. கறுத்த திரையில் தெரிந்த உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று மாலை முதலாளி எங்கிருந்தோ ஒரு பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார். மின்சாரம் போனபின் ஐந்து நிமிஷம் தாங்குமாம்.

புதன்கிழமை மறுபடி முதலிலிருந்து எழுப்பினாய். நிமிஷத்துக்கொருதரம் சேமித்தாய். இரண்டே காலுக்கு முடிந்தது. கம்பிக்கூடாக இருந்ததன் மேல் சாம்பல் நிறம் பூசினாய். தாங்கி உயிரோடு இருக்கிற மாதிரி திரையில் சுழன்றது. "எப்படி?" என்றாய். நான் ஃபேக்ஸ் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். நகல் அறைக்காரன் எந்தத் தாளையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத்தான் பார்ப்பான்.

அந்தக் கையின் கோடு முழுக்கோடு இல்லை, மாப்பிள்ளை. புள்ளிக்கோடு. ஃபேக்ஸ் மையில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு முழுக்கோடு வேஷம் போட்டிருந்தன. முன்னாலிருந்து பார்க்கும்போது மறைந்திருப்பதைத்தான் புள்ளிக்கோட்டில் வரைவார்கள். தாளில் அந்தக் கை உடம்புக்குப் பின்னால் இருந்தது. உன் திரையில் அது முன்னால் நீட்டிக்கொண்டு எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

காரணம் எனக்கு அந்தக் கணமே தெரியும். என் அறையில் இரண்டு அலமாரிகள். ஒன்றில் இங்கிலாந்திலிருந்து எந்திரங்களோடு வந்த பழைய படங்கள்; மற்றதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. இங்கிலாந்துக்காரன் பொருளின் இடப்பக்கத்தைப் பார்த்து, அதைத் தாளில் வலப்பக்கம் வரைவான். ஆஸ்திரேலியாக்காரன் வலப்பக்கத்தைப் பார்த்து வலப்பக்கமே வரைவான். எது என்று சொல்ல மூலையில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அந்த மூலையைத்தான் ஃபேக்ஸ் மெழுகிவிட்டது. நியூசிலாந்திலிருந்து வந்த தாள் என்பதால் நீ இரண்டாவது வழக்கம் என்று எடுத்துக்கொண்டாய். அது ஆலைக்கு வரும் இங்கிலாந்துப் படங்களின் சாதி. அதனால் முன்னும் பின்னும் மாறி, நீ எழுப்பியது கண்ணாடியில் தெரியும் பிம்பம். வலக்காலுக்குக் கேட்டவனுக்கு இடக்காலுக்குச் செருப்புத் தைத்திருந்தாய், அற்புதமாக.

நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "நல்லா இருக்கு" என்று வந்தது.

என் வீரத்தைப் பற்றி ஆயிரம் கதை கட்டியிருக்கிறேன். அன்று எனக்குள் ஓடியதைப் பற்றி ஒன்றும் கட்டியதில்லை. இந்தச் செருப்பு போனால் அவர்கள் வேண்டாம் என்பார்கள். நீங்கள் நால்வரும் இங்கேயே இருப்பீர்கள். கல் விழுந்தாலும் ஐந்து பேர் தலையிலும் சேர்ந்து விழும். கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டையை நகர்த்த இரண்டாவது ஆள் இருப்பான். மாறாக, நீங்கள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் ஒருவன். எந்த வண்டி வாசலில் நின்றாலும் அது எனக்காக நின்றது. அன்று வீட்டுக்குப் போனதும் தங்கை, "அண்ணா, வேலை ஆயிடுச்சா? சரியா வந்துச்சா?" என்று கேட்டாள். "ஏக்தம் சரி" என்றேன். அவள் வாரக்கணக்கில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

வியாழக்கிழமை காலை பட்டறை வேனை செமி ஓட்டினான். நம் பட்டறையின் ஃபிட்டர், பூர்வீக ஃபீஜிக்காரன், ஃபீஜி இந்தியர் பேசும் நம் ஹிந்தியை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுபவன். பாலத்தருகே சிப்பாய்கள் தடுப்புப் போட்டிருந்தார்கள். எத்தனை பேர்? இத்தனை வருஷமாக நூறு என்று சொல்லி வந்தேன். மூன்று. அதில் ஒருவனுக்கு மீசை இன்னும் முளைக்கவில்லை. அவன் பார்வை உன் மடியில் இருந்த தகரக் குழாய்மேல் விழுந்தது. நீ வரைபடச் சுருள் போட்டு வைக்கும் குழாய். வேறு எந்தத் தொழிலிலும் அதைப் பார்க்கிறவன் வரைபடம் என்றுதான் நினைப்பான். அந்த மாதத்தில் அது துப்பாக்கி மாதிரியே இருந்தது.

துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வந்தான். "கீழே இறங்கு. இது என்ன?"

நீ இறங்கினாய். கைகளைத் தூக்கினாய். ஒரு கையில் குழாய் இருந்தது. அந்தக் கை, அளவுகோல் இல்லாமல் கோடு போடும் கை, காற்றில் வாழையிலை மாதிரி ஆடியது. குழாய்க்குள் பென்சில்கள் கடகடவென்று சத்தம் போட்டன. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் இன்னும் பயந்தான். ஆமாம், அவனும் பயந்துதான் இருந்தான். அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். பயந்த விரல் எப்போது மடங்கும் என்று யாருக்குத் தெரியும்?

செமி வண்டிக்குள்ளிருந்தே ஃபீஜி பாஷையில் மெதுவாக என்னவோ சொன்னான். பையன் குழாயை வாங்கித் திறந்து தாளை உருவினான். தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"ஆலைச் சாமானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"ஆமாம் சார்" என்றாய். உன்னைவிட இருபது வயது சின்னவனை.

"எங்க அப்பா ஆலையில பாய்லர்ல இருக்கார்" என்றான். தாளைச் சுருட்டத் தெரியாமல் மடித்துக் கொடுத்தான். "போங்க, போங்க."

வேன் கிளம்பியது. செமி, "பாய், அந்தக் கொழாயை நாளையிலேர்ந்து நான் எடுத்தாறேன். என் கையில இருந்தா மீன் தூண்டில்னு நெனைப்பான்" என்று நம் ஹிந்தியில் சொன்னான். நாம் சிரிக்கவில்லை. பட்டறைக்கு வந்து தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். என் பக்கம் திரும்பாமல், "பொண்ணுங்க மட்டும் இதைப் பாக்கக்கூடாது மச்சான்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

இரண்டே முக்காலுக்கு நீ மின்னஞ்சலைத் திறந்தாய். மோடம் கூவிக் கிறீச்சிட்டுத் தொடர்பு எடுக்க ஒரு யுகம் ஆனது. அதற்குள் வெட்டின கரும்பில் மறுதாம்பு முளைத்துவிடும். உருவத்தை இணைத்தாய். சுட்டியை அனுப்பும் பொத்தான் மேல் கொண்டுபோனாய். திரையில் அம்பு பொத்தானைச் சுற்றிச் சுற்றி ஈ மாதிரி பறந்தது.

இந்த இடத்தில்தான், பல்லி சொன்னது என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். சுவரில் முதலை அளவு பல்லி, மூன்று தரம் உச்சுக்கொட்டி, வாலால் அந்தப் புள்ளிக்கோட்டைத் தொட்டுக் காட்டியது என்று. உன் பெண்கள் அந்தப் பல்லியின் கதையை ஆக்லாந்துப் பள்ளியில் கட்டுரையாகவே எழுதினார்கள்.

"அமுக்காதே" என்றேன்.

"இன்னா?"

"அமுக்காதே மாப்பிள்ளை. கை பின்னால இருக்கணும். அது இங்கிலாந்துப் படம்."

நீ தாளைப் பிடுங்கி ஜன்னலுக்கு ஓடினாய். திரும்பி வந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. "போச்சு" என்றாய். "கலாஸ். எல்லாம் மறுபடி எழுப்பணும். நேரமில்ல."

"கண்ணாடிக் கட்டளை ஒண்ணு இருக்குன்னு நீதானே காட்டினே? ஒரு பக்கத்தை மறுபக்கமாக்குறது?"

உட்கார்ந்தாய். மூன்றுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போதே விளக்கு அணைந்தது. பேட்டரிப் பெட்டி கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. உருவத்தைத் தேர்ந்தாய், நடுவில் ஒரு கற்பனைக் கண்ணாடியை நிறுத்தினாய், திருப்பினாய். கை முன்னாலிருந்து பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷ வேலையைச் சொல்லத்தான் நான் ஒரு நாள் முழுக்க வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். பெட்டியின் கீச்சொலி நெருங்கிக்கொண்டே வந்தது. நான் அதைக் கட்டிப்பிடித்து என் உடம்பு மின்சாரத்தைக் கொடுத்துக் காப்பாற்றினேன் என்பது வரலாறு. நான் மேசைக்கடியில் இருந்தேன், காதைப் பொத்திக்கொண்டு. "போயிடுச்சு" என்று நீ சொன்னது கேட்டது. உடனே திரையும் போய்விட்டது. மின்னஞ்சல் போனதா, மின்சாரம்தான் போனதா என்று தெரியாமல் எட்டு நாள் கிடந்தோம். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது.

நான்கு மாதத்தில் நாடி விமான நிலையம். பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. தங்கை என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். நீ கடைசியாக வந்தாய்.

"அந்த ஃபேக்ஸ் தாளை எடுத்து வெச்சிருக்கேன் மச்சான்" என்றாய்.

"பத்திரமா வை. கண்ணாடி போட்டு மாட்டு. கீழே என் பேரை எழுது."

"அதுல உன் நீலப் பென்சில் குறி இருக்கு."

நகல் எடுக்குமுன் மங்கலான கோட்டுக்குப் பக்கத்தில் நீலப் பென்சிலால் ஒரு பொட்டு வைப்பது என் கையின் வழக்கம். யோசித்துச் செய்வதில்லை. புதன்கிழமை ஜன்னலோரத்தில் வைத்திருக்கிறேன்.

"வியாழக்கிழமை நீ பென்சிலையே எடுக்கல" என்றாய். "மொத நாளே பாத்துட்டே, இல்ல?"

எந்தப் பொய்யும் வரவில்லை. முப்பது வருஷம் கேட்காமலே வந்து நிற்கும் பொய்கள், கூப்பிட்டும் ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

நீ குனிந்து பெட்டிகளின் பிடியைப் பற்றினாய். பிறகு, "உன் எடத்துல நானா இருந்தா, அனுப்பின அப்புறமும் சொல்லியிருக்கமாட்டேன்" என்றாய். பெட்டிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

அதற்குப் பிறகு நீ தொலைபேசியில் ஆயிரம் பேசினாய். அதை மறுபடி பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. வீட்டில் தனியாக இருந்தேன், பயந்துகொண்டுதான் இருந்தேன். வாசலில் வண்டி நின்றால் இன்றைக்கும் முதலில் விளக்கை அணைப்பேன். அப்போதெல்லாம் அந்த வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். அது பயத்தைப் போக்கியது என்று எழுத ஆசைதான், மாப்பிள்ளை, போக்கவில்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இப்போது அந்த ஆளும் இல்லை என்று தங்கை நாற்பது நாளைக்கு முன் தொலைபேசியில் அழுதாள். நான் வழக்கம்போல ஏதோ வேடிக்கை சொல்லப் பார்த்தேன்.

சரி, கணக்கை நேர் செய்துவிடுகிறேன். நூறு சிப்பாய் பொய். பல்லி பொய். பேட்டரிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தது பொய். விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேனே, அதுவும் பொய். உன் இரண்டு கையிலும் பெட்டி. நீ சொன்ன அந்த ஒரு வரி மட்டும் நிஜம். நான் கட்டியிருந்தால் இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கட்டியிருப்பேன்.